கடைமடைக்கு வராத கணக்கு: இலங்கைக்கான பாதுகாப்பு உதவியும் நாடாளுமன்றமும்

கச்சத்தீவை மீட்க ஒன்றிய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரல் 2 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 5 அன்று, பிரதமரின் கொழும்புப் பயணத்தின்போது இந்தியாவும் இலங்கையும் ஏழு புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. அவற்றில் ஒன்று பாதுகாப்பு ஒத்துழைப்புக்கானது; ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். கையெழுத்தான நாளில் அதன் முழு வாசகம் வெளியிடப்படவில்லை. அதை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்ற கோரிக்கை கொழும்பில் எதிர்க்கட்சிகளிடமிருந்து எழுந்தது. நம் பக்கத்தில் அந்த வாரம் முழுவதும் பேச்சு கச்சத்தீவைச் சுற்றியே இருந்தது. ஐம்பது ஆண்டுப் பழைய உடன்பாட்டைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கோடியக்கரையிலிருந்தும் கடலுக்குப் போகிறவர்களின் அன்றாடத்தை நாளை தொடப்போவது இரண்டாவது காகிதமான பாதுகாப்பு ஒப்பந்தம்தான். அதை நம் பிரதிநிதிகள் யாரும் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய கட்டாயம் ஏன் இல்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், இந்தியா இலங்கைக்குக் கொடுப்பது என்ன என்பதைப் பார்க்கலாம். இந்தியக் கடற்படையில் 'சரயு' என்ற பெயரில் ஓடிய ரோந்துக் கப்பல் 2000-ஆம் ஆண்டு இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டு 'சயுர' ஆனது. கடலோரக் காவல் படையின் 'வராஹா' 2006-இல் குத்தகைக்குப் போய், 'சாகர' என்ற பெயரில் ஓடி, 2015-இல் இலங்கைக்கே சொந்தமானது. 'வருணா' 2017-இல் அந்நாட்டின் கடலோரக் காவல் படைக்கு அன்பளிப்பாகச் சென்றது. கோவா கப்பல் கட்டும் தளம் கட்டிய இரண்டு பெரிய ரோந்துக் கப்பல்கள் 2017-இலும் 2018-இலும் இலங்கைக் கடற்படையில் சேர்ந்தன, இவை விற்பனை. பயங்கரவாத எதிர்ப்புப் பணிகளுக்காக 5 கோடி டாலர் கடனுதவி 2019 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2022 ஆகஸ்ட் 15 அன்று டோர்னியர் கண்காணிப்பு விமானம் ஒன்று போய்ச் சேர்ந்தது. 60 லட்சம் டாலர் இந்திய மானியத்தில் அமைந்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் 2024 ஜூனில் திறக்கப்பட்டது. அம்மையத்துக்குக் கொழும்பில் தலைமையகமும் அம்பாந்தோட்டையில் துணை மையமும் உண்டு. ஆளில்லாக் கருவி நிலையங்கள் நிறுவப்பட்ட இடங்களில் பருத்தித்துறையும் ஒன்று. கோடியக்கரையில் நின்று தென்கிழக்கே பார்த்தால், நீரிணைக்கு அப்பால் இருக்கும் ஊர் அது.

இந்தப் பட்டியலில் இனாமும் உண்டு, குத்தகையும் உண்டு, கடனும் விற்பனையும் உண்டு. இதோடு ஆண்டுதோறும் நம் ராணுவக் கல்லூரிகளில் அவர்களது அதிகாரிகளுக்குக் கொடுக்கப்படும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர் ஒருவரே. ஆனால் கொடுப்பது எழுதப்படும் ஏடுகள் வெவ்வேறு. நாடாளுமன்றக் கண்காணிப்பு வழுக்கும் முதல் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில், அதாவது ஆண்டுச் செலவுக்கு நாடாளுமன்றத்திடம் பணம் கேட்கும் ஏட்டில், அயல்நாடுகளுக்கான உதவி என்று ஒரு பகுதி உண்டு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அதில் பூட்டானுக்கு 2,150 கோடி ரூபாய், மாலத்தீவுக்கு 600 கோடி, இலங்கைக்கு 300 கோடி என்று கண்டிருந்தது. நாட்டுக்கு ஒரு வரி. அந்த வரியில் வீட்டு வசதி எவ்வளவு, ரயில் பாதை எவ்வளவு, பாதுகாப்புக் கருவி எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்படுவதில்லை. அரசின் உத்தரவாதத்தோடு எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கி கொடுக்கும் கடனோ இந்த வரியில் வராது. அந்தக் கடனுக்கான வட்டி மானியம் மட்டும் நிதி அமைச்சகத்தின் கோரிக்கையில் எட்டிப்பார்க்கும். பழைய கப்பலை அன்பளிப்பாகக் கொடுத்தால், அது ஏற்கெனவே நம் கடற்படைக்காகவோ கடலோரக் காவல் படைக்காகவோ வாங்கப்பட்ட சொத்து என்பதால், புதிய செலவு என்று எங்கும் தலைகாட்டாது. பயிற்சிக்கான செலவு, 2025-26-இல் 6,81,000 கோடி ரூபாயைத் தாண்டிய பாதுகாப்பு ஒதுக்கீட்டில் எங்கோ கரைந்திருக்கும். இலங்கையின் கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் இந்த ஆண்டு இந்தியா மொத்தம் என்ன கொடுத்தது என்று ஒரு மக்களவை உறுப்பினர் அறிய விரும்பினால், அவர் குறைந்தது மூன்று அமைச்சகங்களின் ஏடுகளைப் புரட்ட வேண்டும். புரட்டினாலும் கூட்டுத்தொகை வராது.

அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் விசைப்படகு கரை திரும்பிய பிறகு போடப்படும் கணக்கை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏலத்தில் வந்த தொகையை மேலே எழுதி, டீசல், ஐஸ், கடலில் சமைக்க வாங்கிய அரிசி பருப்பு, ஏலக் கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சத்தைப் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர், "தம்பி, ஐஸ் எத்தனை பாருன்னு போட்டிருக்கே?" என்று கேட்டார். எழுதிக்கொண்டிருந்த இளைஞர் விரலால் எண்ணிப் பார்த்து, ஒரு பாரை அடித்துவிட்டுத் திரும்பக் கூட்டினார். அந்தப் பெரியவருக்குக் கேட்க முடிந்ததற்குக் காரணம், வரவும் செலவும் ஒரே தாளில், பங்கு பிரிப்பதற்கு முன்னால், அவர் கண்முன் இருந்தது.

இனி அரசமைப்புக்கு வருவோம். பாதுகாப்பும் வெளியுறவும் அயல்நாட்டு உடன்பாடுகளும் ஏழாவது அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. எவற்றில் நாடாளுமன்றம் சட்டமியற்றலாமோ அவற்றிலெல்லாம் ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரமும் செல்லும் என்கிறது 73-ஆவது பிரிவு. ஓர் உடன்பாட்டை நடைமுறைப்படுத்தச் சட்டம் தேவைப்பட்டால், அதை நாடாளுமன்றம் இயற்றலாம் என்கிறது 253-ஆவது பிரிவு. உடன்பாடு செய்துகொள்வதற்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே நடைமுறையில் அமைச்சரவை முடிவெடுக்கிறது, கையெழுத்திடுகிறது, பிறகு அவைக்குச் சொல்கிறது; சில வேளைகளில் சொல்லாமலும் இருக்கிறது. நிலத்தை விட்டுக்கொடுப்பது மட்டும் விதிவிலக்கு. பெருபாரி வழக்கில் 1960-இல் உச்ச நீதிமன்றம், இந்திய நிலப்பகுதியை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று கருத்துரைத்தது. வங்கதேசத்தோடு நிலப்பகுதிகளை மாற்றிக்கொள்ள 2015-இல் 100-ஆவது திருத்தம் நிறைவேறியது அதனால்தான். கப்பல் கொடுக்கவோ விமானம் கொடுக்கவோ அப்படி ஒரு வாசற்படி கிடையாது. படையையே அனுப்பியபோதும் கிடையாது: 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான உடன்பாட்டின்படி இலங்கைக்குச் சென்ற அமைதிகாப்புப் படை 1990 மார்ச்சில் திரும்பிவரும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள், அந்தப் படையை அனுப்புவதற்கு முன் அவையின் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

இங்கே நம் மண்ணைச் சேர்ந்த ஒருவரை நினைவுகூர வேண்டும். திருக்கண்ணபுரத்தில் பிறந்து, கும்பகோணம் தொகுதியின் உறுப்பினராக மக்களவையில் அமர்ந்த இரா. செழியன், 1971 முதல் 1973 வரை பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தவர். கச்சத்தீவு உடன்பாடு 1974 ஜூன் இறுதியில் கையெழுத்தாகி, ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அவைக்கு அதை அறிவித்தபோது எதிர்த்துப் பேசியவர்களில் அவரும் ஒருவர். அரசின் கருவூலத்தைத் துருவிப் பார்க்கும் குழுவுக்கு அண்மைவரை தலைமை வகித்த ஒரு டெல்டாக்காரரால், தன் கடற்கரைக்கு எதிரே இருக்கும் தீவைப் பற்றிய உடன்பாட்டைக் கையெழுத்துக்குப் பிறகுதான் அவையில் கேள்வி கேட்க முடிந்தது. அது அவருடைய திறமைக் குறைவு அல்ல. பொதுக் கணக்குக் குழு பார்ப்பது, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வந்த பிறகு, பணம் விதிப்படி செலவானதா என்பதைத்தான். கொடுத்த பொருளை வாங்கிக்கொண்டவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பது அதன் வழக்கமான வேலை அன்று, அன்றும் இன்றும்.

துறைசார் நிலைக்குழுக்கள் 1993-இல் வந்தபோது இந்த நிலை மாறும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இன்று 24 குழுக்கள் உள்ளன; ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருக்கிறார்கள். வெளியுறவுக் குழு 2023 ஜூலையில் 'அண்டை நாடு முதலில்' கொள்கையைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது. அறிக்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குழுக்களின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. வெளியுறவு அமைச்சகத்தை ஒரு குழுவும் பாதுகாப்பு அமைச்சகத்தை இன்னொரு குழுவும் பார்க்கின்றன. மானியக் கோரிக்கைகளில் பலவும் அவையில் விவாதமே இல்லாமல், கடைசி நாளில் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்பட்டு நிறைவேறுகின்றன.

மிஞ்சுவது கேள்வி நேரம். மீனவர் கைது பற்றிய கேள்வி இல்லாத கூட்டத்தொடர் இல்லை என்றே சொல்லலாம். நம் உறுப்பினர்களைக் குறைசொல்ல இதில் இடமில்லை. கேள்வி (அ), (ஆ), (இ) என்று போகும்; எத்தனை பேர் கைதானார்கள், எத்தனை படகுகள் அங்கே நிற்கின்றன, அரசு என்ன செய்தது. பதிலில் ஆண்டுவாரியான அட்டவணையும், இலங்கை அரசின் உயர்மட்டத்தில் விவகாரம் தொடர்ந்து எழுப்பப்படுகிறது என்ற பொருளில் ஒரு பத்தியும் இருக்கும். அதே கூட்டத்தொடரில் பாதுகாப்பு அமைச்சகத்திடம் இலங்கையோடு கூட்டுப் பயிற்சி, கப்பல், விமானம் பற்றிக் கேட்டால் நட்புறவு, பிராந்தியப் பாதுகாப்பு என்று இன்னொரு பத்தி வரும். இரண்டு பத்திகளும் இரண்டு கோப்புகளில் பிறந்தவை, ஒன்றையொன்று சந்திப்பதில்லை. சுபாவத்தில் ரகசியமானவற்றைக் கேட்கக் கூடாது, நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாகக் கேட்கக் கூடாது என்று மக்களவை விதிகள் வேறு சொல்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே போனால், 8(1)(அ) பிரிவு அயல்நாட்டு உறவைக் காட்டிக் கதவைச் சாத்த இடம்தருகிறது.

2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கி வெடித்தது. படகில் இருந்த 13 பேரில் ஐந்து பேர் காயமடைந்தார்கள். அவர்களில் இருவருக்குப் படுகாயம். டெல்லியில் இலங்கையின் பொறுப்பு உயர் ஆணையர் வெளியுறவு அமைச்சகத்துக்கு வரவழைக்கப்பட்டார். தவறுதலாக வெடித்தது என்றது கொழும்பு. இந்தியா கொடுத்த கலமே அங்கே இருந்தது என்பது என் வாதமல்ல. அடுத்த பத்து வாரங்களில் அதே நாட்டோடு பாதுகாப்பு ஒப்பந்தம் தயாரானபோது, அந்தத் துப்பாக்கிச்சூட்டை அதில் ஒரு நிபந்தனையாக வைக்கலாமா, கூடாதா என்று விவாதிக்க வேண்டிய பொறுப்பு எந்தக் குழுவுக்கும் தரப்பட்டிருக்கவில்லை என்பதே நான் சொல்ல வருவது.

இப்படி ஒரு வழி இல்லாதபோது எதிர்ப்பு வேறு வடிவம் எடுக்கிறது. 2012 ஜூலையில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் தாம்பரத்தில் பயிற்சி பெறுவது தெரிந்து, அன்றைய முதல்வர் ஜெயலலிதா கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். தமிழ்நாட்டின் கட்சிகள் பலவும் சேர்ந்துகொண்டன. பயிற்சி நிற்கவில்லை, அந்த ஒன்பது பேரும் பெங்களூரின் எலகங்காவுக்கு மாற்றப்பட்டார்கள். மாநிலத்தின் கோபம் மதிக்கப்பட்டது போலவும் ஆயிற்று, கொள்கை இம்மியும் நகராமலும் ஆயிற்று. பயிற்சி பெறுகிறவர் யார், அவருடைய பிரிவின் மீது குற்றச்சாட்டு உண்டா என்ற கேள்வி அப்போதும் எழுப்பப்படவில்லை. எந்த ஊரில் பயிற்சி என்பதே விவகாரமாகி முடிந்தது.

வேறு நாடுகளில் எப்படி என்று பார்த்தால் அமெரிக்க உதாரணம்தான் நிறைய விவரங்களோடு கிடைக்கிறது. 1976-ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிச் சட்டப்படி, 1.4 கோடி டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள முக்கியத் தளவாட விற்பனையை, பொதுவாக 30 நாட்களுக்கு முன்பே அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அறிவிக்க வேண்டும். செனட்டர் பேட்ரிக் லேஹியின் பெயரால் வழங்கும் 1997-ஆம் ஆண்டு விதி, கடுமையான மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவி போவதைத் தடுக்கிறது. இங்கே முழு நாடும் தண்டிக்கப்படுவதில்லை, பிரிவுதான் அலகு என்பது கவனிக்கத்தக்கது. தன் தெற்கு அண்டைநாடான மெக்சிகோவுக்கு, போதைப்பொருள் கும்பல்களை ஒடுக்க மெரிடா திட்டத்தின் கீழ் 2008 முதல் 300 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியபோது, அந்த நிதியின் சில இனங்களில் 15 விழுக்காட்டை மனித உரிமை அறிக்கை வரும்வரை நிறுத்திவைக்கலாம் என்று காங்கிரஸ் நிபந்தனை போட்டது. முதலில் எழுதப்பட்ட நிபந்தனைகள் இன்னும் கடுமையானவை. இறையாண்மையில் கைவைக்கிறீர்கள், இப்படியானால் பணமே வேண்டாம் என்று மெக்சிகோ முகம் சுளித்த பிறகு தணிக்கப்பட்டவை இவை.

இந்த ஏற்பாட்டை மெச்சிவிட்டுப் போவதற்கில்லை. ஆயுத விற்பனையை எதிர்த்துத் தீர்மானம் போட்டு இறுதிவரை தடுப்பதில் காங்கிரஸ் இதுவரை ஒருமுறையும் வென்றதில்லை. குடியரசுத் தலைவரின் மறுப்பதிகாரம் குறுக்கே நின்றிருக்கிறது. நம் கடலையே தொடும் ஓர் உதாரணமும் உண்டு. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்துக்குச் சற்று முன், 2007 டிசம்பரில், அமெரிக்க நிதிச் சட்டம் இலங்கைக்கான ராணுவ உதவியைக் கட்டுப்படுத்தியது. ஆனால் கடல், வான் கண்காணிப்புக் கருவிகளுக்கு விலக்கு அளித்தது. கண்காணிப்பு என்றால் தீங்கில்லை என்ற எண்ணம் எல்லா நாடுகளிலும் உண்டு. அந்தக் காலத்தில் இந்தியாவும் கொடுப்பவை தற்காப்புக் கருவிகளே என்றுதான் சொல்லிவந்தது. எது தற்காப்பு, எது தாக்குதல் என்று வரையறுக்கும் சட்டம் நம்மிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ராடார் யாரையும் சுடுவதில்லை. எங்கே சுட வேண்டும் என்று காட்டுகிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதி உண்மைதான் பேசும். நிபந்தனை வைக்கும் நாடாளுமன்றம் ஒன்று நாளையே நமக்குக் கிடைத்தாலும், அதன் முன் முதலில் வந்து நிற்கும் சாட்சி யாழ்ப்பாணத்து மீனவராக இருக்கலாம். பருத்தித்துறையிலும் நெடுந்தீவிலும் வலை விரிப்பவரும் தமிழர்தாம். போருக்குப் பின் கடன்பட்டு வாங்கிய வலையை நம் இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருபவர். இலங்கை 2017-இல் இழுவை மடியைத் தடைசெய்தது. அந்நியப் படகுகளுக்கான அபராதத்தை 2018-இல் அதிகபட்சம் 17.5 கோடி இலங்கை ரூபாய் வரை உயர்த்தியது. இவற்றுக்காகக் குரல் கொடுத்தவர்களில் வடக்கின் தமிழ் மீனவர்களும் அவர்களது பிரதிநிதிகளும் உண்டு. 2024-இல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானபோது, அக்கரைப்பேட்டையில் அது அட்டூழியம். காங்கேசன்துறைப் பக்கம் அது காலதாமதமாக வந்த காவல். அவர்கள் கேட்பது கடலைக் கூடுதலாகக் கண்காணிக்கும் கடற்படையை. நாம் கேட்பது அந்தக் கடற்படைக்குக் கடிவாளத்தை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்கும் அவை இருந்தால், நம் பக்கத்து இழுவை மடிக்கும் கேள்வி வரும். அதற்கு ஆயத்தமாக இல்லாமல் கண்காணிப்பை மட்டும் கோருவது நேர்மையாகாது.

நாம் நிபந்தனை போட்டால் கொழும்பு சீனாவிடம் போய்விடும் என்பது டெல்லியின் வழக்கமான பதில். இதில் சாரமில்லாமல் இல்லை. ஆனால் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது இந்தியா எந்த நிபந்தனையும் விதிக்காத காலத்தில்தான்.

உடன்பாடுகளை நாடாளுமன்றம் பார்வையிட வகைசெய்ய வேண்டும் என்று அரசமைப்பு மறுஆய்வு ஆணையம் 2002-லேயே பரிந்துரைத்தது. பிரிட்டன் 2010-இல் இயற்றிய சட்டப்படி, ஏற்புறுதி (கையெழுத்துக்குப் பிந்தைய முறையான ஒப்புதல்) தேவைப்படும் உடன்பாடு 21 அமர்வு நாட்கள் அவையில் வைக்கப்பட வேண்டும். ஆனால் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று பெயர் வைத்துவிட்டால் அங்கேயும் அது தப்பித்துக்கொள்ளும். ஆகவே அதே மாதிரியான சட்டம் இங்கே வந்தாலும் கொழும்பில் கையெழுத்தானது போன்ற காகிதம் அதன் வலையில் விழாது. பெரிய சட்டத்துக்குக் காத்திராமல் இன்றைய விதிகளுக்குள்ளேயே செய்யக்கூடியது, என் கணிப்பில், ஒரு தாள்: ஒவ்வொரு அண்டைநாட்டுக்கும் அந்த ஆண்டு கொடுத்த கலம், விமானம், கருவி, கடன், பயிற்சி அத்தனையையும் மதிப்போடு ஒரே இடத்தில் காட்டும் பின்னிணைப்பு. அதை நிதிநிலை அறிக்கையோடு சேர்க்கச் சொல்லி வெளியுறவுக் குழுவும் பாதுகாப்புக் குழுவும் கேட்கலாம். ரகசியமானதை மூடிய அறையில் குழுவுக்கு மட்டும் காட்டச் சொல்லலாம். காவிரி நீரில் நாம் அப்படித்தான் கேட்டோம். மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளவுகோல் வைத்து, 2018 தீர்ப்பின்படி ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வருகிறதா என்று மாதாமாதம் எண்ண முடிகிறது. அந்த எண்ணே தண்ணீரைக் கொண்டுவந்துவிடுவதில்லை. ஆனால் பற்றாக்குறை எவ்வளவு என்பதில் மேட்டூருக்கும் பெங்களூருக்கும் சண்டை இல்லை.

கொழும்பில் கையெழுத்தான ஒப்பந்தம் 2030 ஏப்ரல் வரை செல்லும். இப்போதைய மக்களவையின் ஆயுள் 2029 ஜூனில் முடிகிறது. அதைப் புதுப்பிப்பதா, திருத்துவதா என்ற கோப்பு அமைச்சகங்களில் நகரத் தொடங்கும் காலத்தில், இன்று நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் தொகுதிகளின் உறுப்பினர்களாக அவையில் இருப்பவர்கள் மறுபடியும் வாக்குக் கேட்டு வந்து போயிருப்பார்கள்.